புள்ளி மறைந்தாலும் மருந்தை நிறுத்தாதீர்கள்

கொளத்தூர் வண்ணமீன் கடையிலிருந்து பாலித்தீன் பையில் வீட்டுக்கு வரும் மோலியோ தங்கமீனோ முதல் சில நாட்கள் நன்றாகத்தான் நீந்தும். பிறகு திடீரென்று கல்லிலும் செடியிலும் உடம்பை உரசிக்கொண்டு ஓடும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் நிற்கும். உற்றுப் பார்த்தால் வாலிலும் துடுப்பிலும் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். இதுதான் வெண்புள்ளி நோய். மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக ‘இக்’ என்பார்கள்.

அந்தப் புள்ளிக்குள் இருப்பது ஒரு செல் ஒட்டுண்ணி. பெயர் இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ். மீனின் மேல்தோலுக்குள் புகுந்து, அங்குள்ள செல்களைத் தின்றே ஒரு மில்லிமீட்டர் வரை வளரும். வளர்ந்ததும் தோலை விட்டு வெளியேறித் தொட்டியின் அடிக்குப் போய், மணலிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்ளும். உறைக்குள் அது பிளந்துகொண்டே போகும். ஒன்று சில நூறாகும். ஆயிரத்தைத் தொடுவதும் உண்டு. உறை உடைந்து வெளியே வரும் குஞ்சுகள் ஓரிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் செத்துவிடும்.

மருந்து வேலை செய்வது அந்த ஓரிரண்டு நாளில் மட்டும்தான். தோலுக்குள் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் ஒட்டுண்ணியை அது எட்டாது. நான்காம் நாள் புள்ளி மறைந்ததும் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் ஒட்டுண்ணி பெருகுவதற்காக அடியில் இறங்கியிருக்கும் நேரம் அது. அடுத்த வாரம் புள்ளிகள் பல மடங்காகத் திரும்பி வரும். செவுளில் புகுந்துவிட்டால் மீன் மூச்சுவிடத் திணறும். உடம்பில் பெரிதாகப் புள்ளி தெரியாமலேயே செத்துப்போவதும் நடக்கிறது.

தண்ணீர் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும். ஹீட்டர் வைத்து மெதுவாக 29, 30 டிகிரிக்குக் கொண்டுபோவது இதனால்தான்: ஒட்டுண்ணி சீக்கிரம் வெளியே வந்து மருந்தில் மாட்டும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஏர் பம்ப் முழு வேகத்தில் ஓட வேண்டும். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் கல்லுப்பைத் தனியே கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். செதில் இல்லாத கெளுத்தி வகைகளுக்கும் பல நீர்ச்செடிகளுக்கும் அது ஒத்துக்கொள்ளாது. மாலகைட் க்ரீன் கலந்த மருந்து என்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்; மருந்தை அது உறிஞ்சிவிடும். தினமும் அடி மண்ணைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தால் உறைகளும் சேர்ந்தே போகும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் இவை தொடர வேண்டும்.

எதற்கெடுத்தாலும் டெட்ராசைக்ளின் மாத்திரையை உடைத்துப் போடும் பழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. அது பாக்டீரியாவுக்கான மருந்து. இந்த ஒட்டுண்ணியை அழிக்காது. நோயை அடையாளம் காணாமல் மருந்து போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வாயைச் சுற்றிப் பஞ்சுபோல் படரும் நோயைச் சொல்லலாம். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்கும். பெரும்பாலும் அது ஃபிளாவோபாக்டீரியம் காலம்னேர் என்ற பாக்டீரியா. வெண்புள்ளி என்று நினைத்து வெப்பத்தை ஏற்றினால் அது இன்னும் வேகமாகப் பரவும்.

நோய் வராமல் காப்பது இவ்வளவு கடினமில்லை. புதுத் தொட்டியில் மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வேரூன்ற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன்களை ஒன்றிரண்டாகவே சேர்க்க வேண்டும். ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் அந்த பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், புது மீனை நேராகத் தொட்டியில் விடாமல் இரண்டு மூன்று வாரம் தனியே வைப்பது. ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு சின்ன ஸ்பான்ஜ் ஃபில்டர் போதும். அடுத்த மீன் வாங்கும் முன் அந்த டப்பை வாங்கிவிடுங்கள்.