கல் சொல்லும் கதை

நினைவுச்சின்னம் கடந்த காலத்தைப் பற்றியது என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது கட்டியவரின் காலத்தையும் இடித்தவரின் காலத்தையும் பேணுபவரின் காலத்தையும் சேர்த்தே சொல்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதனைக் கண்கூடாகக் காணலாம்.

போர்த்துக்கேயர் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின்னர் அதனை ஐங்கோண வடிவில் மாற்றிக் கட்டினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமானது. 1990களின் போரில் சிதைந்தது. உள்ளே இருந்த ஒல்லாந்தர் தேவாலயமும் அழிந்தது. போர் முடிந்தபின் நெதர்லாந்தின் உதவியுடன் திருத்தப்பட்டது. நம்மை அடக்கியாள எழுந்த மதிலின்மேல் இன்று மாலை வேளைகளில் குடும்பங்கள் காற்று வாங்குகின்றன.

1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்தது மணிக்கூட்டுக் கோபுரம். பேரரசின் பெருமைக்காகக் கட்டப்பட்டாலும், ஊர் மக்களுக்கு அது நேரம் பார்க்கும் இடமாயிற்று. சுதந்திரத்தின் பின்னர், 1974இல், போர்த்துக்கேயரிடம் தோற்ற சங்கிலி மன்னனுக்கு நல்லூரில் சிலை எழுந்தது. தோற்றவரையும் நினைக்கும் உரிமை அப்போது நமக்கு வந்திருந்தது.

அந்நியர் போனபின்னும் சின்னங்களை இடிக்கும் வழக்கம் போகவில்லை. கோப்பாயில் இருந்த விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லம் இராணுவத்தால் இருமுறை அழிக்கப்பட்டது. 2011இல் அவ்விடத்தில் படைத் தலைமையகம் திறக்கப்பட்டது. கல்லறை போனதால் பெற்றோரின் துயர் போய்விடவில்லை. நவம்பர் மாதத்தில் அதனருகே விளக்கேற்ற மக்கள் கூடுகிறார்கள்.

எல்லா நினைவுக்கும் கல் கிடைப்பதுமில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் புலிகளால் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டனர். சோனகதெருவின் கூரையிழந்த சுவர்களும் திருத்தியெடுத்த பள்ளிவாசல்களுமே அவர்களுக்கு நினைவுச்சின்னங்கள். தமக்கு இழைக்கப்பட்டதை நினைக்கும் உரிமையைக் கேட்கும் நாம், நமக்குத் தீங்கு செய்தோரின் தாய்க்கும் அழும் உரிமை உண்டென்பதை மறுக்கலாகாது. அது மன்னிப்பு வேறு, மறதி வேறு என்பதை அறிந்தவர்களின் நீதி.

ஆகவே மாணவியரே, ஒரு சின்னத்தின் முன் நிற்கையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதை யார் கட்டினார்? இதற்கு முன் இங்கே என்ன இருந்தது? இதில் யாருடைய பெயர் விடுபட்டது? பெற்றோரே, கல்லில் எழுதப்படாத விடைகள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.