ரெண்டும் 185 தானே!

உத்திரமேரூரிலிருந்து புக்கத்துறை போகும் சாலையில் விடிகாலையில் நின்று பாருங்கள். நெல் மூட்டை, காய்கறி, மாட்டுத் தீவனம், ஜல்லி என்று லோடு வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது சில வண்டிகள் பின்பக்கம் தூக்கி, மூக்கு குத்தினாற்போல ஓடும். கூடுதலாகக் கமான் பட்டை ஏற்றிய வண்டிகள் அவை. பார்க்க அழகாக இல்லை என்று முன்பக்கம் ஸ்பேசர் வைத்து ‘லெவல்’ செய்வார்கள். லெவல் செய்ததும் டயர் சின்னதாகத் தெரியும். அடுத்த செலவு டயர் கடையில்.

தவறு நடக்கும் இடமும் அதுதான். “185க்கு 14 இருக்கா?” என்று கேட்டால் இரண்டு வகை டயர் வரலாம். ஒன்றில் 185/70 ஆர் 14, பக்கத்தில் 88 என்று இருக்கும். இன்னொன்றில் 185 ஆர் 14 எல்டி 8பிஆர், பக்கத்தில் 102/100. முதலாவது விலை குறைவு. “ரெண்டும் 185 தானே!” என்று அதையே மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. முதலாவது கார் டயர். 88 என்ற எண்ணுக்கு அது தாங்கும் எடை 560 கிலோ. 102 என்றால் 850 கிலோ. சாய்கோட்டுக்குப் பிறகு வரும் 100, பின்னால் இரட்டைச் சக்கரம் போட்டால் ஒவ்வொன்றும் தாங்கும் அளவு. அது 800 கிலோ. ஆக ஒரு டயருக்கு 290 கிலோ வித்தியாசம், கிட்டத்தட்ட ஆறு சிமெண்ட் மூட்டை. குடவோலைக் கல்வெட்டைப் படிக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிற ஊர் உத்திரமேரூர். டயர் ஓரத்தில் இருப்பதை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பெரிய டயர் போட்டால் வண்டி நன்றாக உயரும் என்பதும் பாதிதான் உண்மை. 245/70 ஆர் 16 டயரின் மொத்த உயரம் சுமார் 749 மில்லிமீட்டர். அதைக் கழற்றி 265/75 ஆர் 16 மாட்டினால் 804. ஆனால் அச்சு உயர்வது அந்த வித்தியாசத்தில் பாதி, வெறும் ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலத்துக்காக ஸ்பீடோமீட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். முள் 80 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 86இல் போகும். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வேலை கூடும். வெறும் வண்டியில் உரசாத டயர், லோடு ஏற்றி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பள்ளத்தில் இறக்கும்போது மட்கார்டில் உரசும். கடையில் காலி வண்டியை நேராக நிறுத்திப் பார்ப்பதில் இது தெரியாது.

இதைவிட எனக்குப் பயம் தருவது பிரேக். பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கு மேலே மெக்கானிக்குகள் ‘எல்எஸ்பிவி’ என்று சொல்லும் ஒரு வால்வு உண்டு. லோடு ஏறி உடல் இறங்கினால், அச்சுக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள கம்பி அதை உணர்ந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்பும். காலியாக இருந்தால் குறைக்கும். பட்டை ஏற்றிப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், ஒன்றரை டன் ஏற்றியிருந்தாலும் அந்த வால்வு வண்டி காலி என்றே நினைக்கும். பின் பிரேக் பாதி தூங்கும். முன்பக்கத்தையும் ஸ்பேசரால் தூக்கியிருந்தால், பின்னால் பாரம் அழுத்தும்போது ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணுக்கு நேராக அடிக்கும். சாலை விளக்கு இல்லாத ஏரிக்கரையில் அது எப்படி இருக்கும் என்பது டூவீலரில் வருகிறவருக்குத்தான் தெரியும். பட்டையைக் கூட்டியதால் டயரின் தாங்குதிறனோ அச்சின் தாங்குதிறனோ ஒரு கிலோகூட ஏறுவதில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. சரக்கு வண்டியின் பதிவு விவரங்களில் டயர் அளவும் அச்சு எடையும் அடக்கம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிக பாரத்துக்கு 194ஆம் பிரிவு தனி: 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வியும் இந்த மாற்றங்களைப் பற்றியதாக இருக்கலாம். ஆனால், “மாற்றம் செய்திருக்கிறீர்கள், கிளெய்ம் கிடையாது” என்று ஒரு வரியில் கடிதம் வந்ததும் சோர்ந்துபோக வேண்டாம். அனுமதிக்கு மேல் ஆட்களை ஏற்றிய ஒரு சரக்கு வண்டியின் வழக்கில், அந்த மீறலால் விபத்து நடக்கவில்லை என்பதால் கிளெய்மை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. நிபந்தனை மீறல் இருந்தாலும் 75 சதவீதம் வரை தரலாம் என்று 2010இல் இன்னொரு தீர்ப்பு. நின்ற வண்டியில் பின்னாலிருந்து லாரி மோதியதற்கும் உங்கள் டயர் அளவுக்கும் என்ன சம்பந்தம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால், அல்லது ஒரு மாதமாகியும் பதிலே இல்லையென்றால், சென்னை தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் புகார் தரலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

தப்பான டயரைச் சரியானது என்று சொல்லி விற்ற கடைக்காரர் மீது புகார் தரவும் வழி உண்டு. “லோடு வண்டி என்றால் வியாபாரம், நுகர்வோர் கோர்ட் எடுக்காது” என்று சிலர் பயமுறுத்துவார்கள். சொந்தப் பிழைப்புக்காக ஒரு வண்டி வைத்து ஓட்டுகிறவரை 2019 நுகர்வோர் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. அதற்கு முன் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு ஒரு போன் செய்து பார்க்கலாம்.

இதற்கெல்லாம் கையில் பில் வேண்டும். பில்லில் ‘டயர் 4’ என்று எழுதினால் போதாது. அளவு, 102/100 போன்ற எண், ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத் தேதி எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். வெடித்துப்போன டயரை, “கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம்” என்று கடையில் கேட்டால், போட்டோ எடுத்துக்கொண்டு, எழுத்தில் ரசீது வாங்கிக்கொண்டு, அப்புறம் கொடுங்கள்.