தீராத தலைவலி: ஜெபிக்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள்



 நீலகிரி மலையில் நடைபெறும் இம்மருத்துவ ஊழியத்தை உங்கள் ஜெபங்களினாலும் காணிக்கைகளினாலும் தாங்கி வருகிறீர்கள். இம்முறை, நம் எல்லோருடைய வீட்டிலும் உள்ள ஒரு சாதாரண உபாதையைக் குறித்து எழுத விரும்புகிறேன். அது தலைவலி.

நான் மருத்துவன் அல்ல, ஆயர். ஆனாலும் இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி இங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எங்கள் ஜெப அறைக்கு வந்தார். "ஐயா, பத்து நாளா மண்டை இடி. தைலம் போட்டும் கேக்கல. ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றார். நான் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தேன். அவரும் ஆறுதலோடு எழுந்து போனார். இருபது அடி தூரத்தில் மருத்துவர் இருந்தார். அவரிடம் நான் அழைத்துச் செல்லவில்லை. நான்காம் நாள் காலையில் அவருடைய மகள் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள். "ஐயா, அப்பா கண்ணு தொறக்க மாட்டேங்குறாரு" என்று அழுதாள். ஒரு மாதத்திற்கு முன் மழையில் லயத்துப் படியில் வழுக்கி, தலை இலேசாகச் சுவரில் இடித்ததாம். அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. உள்ளே இரத்தம் மெல்லமெல்லக் கசிந்து மூளையை அழுத்தியிருந்தது. கோயம்புத்தூருக்கு அனுப்பி, மண்டையோட்டில் சிறு துளையிட்டு அந்த இரத்தத்தை வெளியேற்றினார்கள். கர்த்தருடைய கிருபையால் பிழைத்தார். ஆனால், "விழுந்தீர்களா?" என்ற ஒரே கேள்வியை நான் கேட்டிருந்தால் அந்த நான்கு நாட்கள் வீணாகியிருக்காது.

அதுமுதல், தலைவலிக்காக ஜெபிக்க வருகிறவர்களிடம் முதலில் சில கேள்விகள் கேட்கிறேன். எங்கள் மருத்துவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த அவற்றை உங்களுக்கும் சொல்லுகிறேன். ஆனால் ஒன்றை முதலாவது சொல்லவேண்டும்: பயப்பட வேண்டாம். தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்தில்லாதவை. தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியதுபோல இருப்பது மனஅழுத்தத்தாலும் உழைப்பாலும் வரும் சாதாரணத் தலைவலி. நாள் முழுவதும் குனிந்து கொழுந்து பறித்து, மூட்டையைத் தலையில் சுமக்கும் சகோதரிகளுக்குக் கழுத்திலிருந்து ஏறும் வலியும் இப்படியே. விண்விண்ணென்று தெறித்து, வாந்தி வந்து, வெளிச்சமும் சத்தமும் சகிக்காமல் இருட்டறையில் படுக்கவைப்பது ஒற்றைத் தலைவலி. இது சில மணி நேரம் முதல் மூன்று நாட்கள்வரை நீடிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். இதற்கு நல்ல மருந்துகள் உண்டு. "வேலைக்குப் போகாமலிருக்கப் பாசாங்கு செய்கிறாள்" என்று வீட்டார் சொல்வது பாவம்.

மலையின் உயரமே காரணம் என்று சிலர் நினைக்கிறார்கள். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2500 மீட்டருக்கு மேலேதான் தொடங்கும். உதகை ஏறத்தாழ 2240 மீட்டரும், குன்னூர் 1850 மீட்டரும் ஆகும். இங்கே குடியிருக்கிறவருடைய நாட்பட்ட தலைவலிக்கு மலையைக் குற்றஞ்சாட்ட முடியாது. வேறு காரணத்தைத் தேடவேண்டும்.

இனி அந்தக் கேள்விகள்.

முதலாவது: இது பழகின வலியா, புதிய வலியா? இருபது வருடங்களாக ஒரேவிதமாக வந்துபோகும் வலியைவிட, சென்ற மாதம் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூடிவரும் வலிக்கே அதிகம் கவனம் தேவை. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலியும் அப்படியே. நெற்றிப்பொட்டு தொட்டால் நோவதும், மெல்லும்போது தாடை வலிப்பதும் சேர்ந்தால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்; தாமதித்தால் பார்வை போய்விடும். இடி விழுந்ததுபோல ஒரு நிமிடத்திற்குள் உச்சத்துக்கு ஏறும் தலைவலியோ மூளையில் இரத்தக்கசிவின் அடையாளமாயிருக்கலாம். அதற்கு ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது: சமீபத்தில் விழுந்தீர்களா? முதியவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்களும், மதுப்பழக்கம் உள்ளவர்களும் இரண்டு மாதங்களுக்குள் தலையில் பட்ட சிறு அடியைக்கூட மறைக்காமல் சொல்லவேண்டும்.

மூன்றாவது: வலியோடுகூட வேறு என்ன இருக்கிறது? காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இருந்தால் மூளைக்காய்ச்சல் என்று சந்தேகிக்கவேண்டும். வாரக்கணக்கில் இலேசான காய்ச்சல், பசியின்மை, உடல் மெலிவு, நடத்தையில் மாறுதல் இவை தலைவலியோடு வந்தால் காசநோய் மூளையுறையைத் தாக்கியிருக்கலாம். காசநோய்க்கு அரசாங்கம் இலவசமாக மருந்து தருகிறது. பிந்தி வருவதால்தான் இதில் பெருஞ்சேதம் உண்டாகிறது. காலையில் எழும்போது வலி அதிகமாகி வாந்தியும் பார்வை மங்கலும் கூடினால் மூளைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், கைகால் சோர்தல் பக்கவாதத்தின் அடையாளங்கள். ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிக்கோ, பிரசவித்து ஆறு வாரமாகாத தாய்க்கோ கடும் தலைவலி வந்தால் அன்றைக்கே இரத்த அழுத்தம் பார்க்கவேண்டும். இரண்டு உயிர்களின் காரியம் அது.

தலைவலியோடு வலிப்பு வந்தால் ஸ்கேன் தேவை. இதிலே நம்முடைய மருத்துவ ஊழியத்தின் வரலாறும் கலந்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கிய துறையே இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறை. வலிப்போடு வருகிறவர்களின் ஸ்கேனில் தெரிந்த சிறு கட்டிகளைக் காசநோய்க் கட்டிகள் என்றே முன்னே எண்ணிவந்தார்கள். அவற்றில் பல நாடாப்புழு முட்டையால் உண்டானவை என்று பிற்காலத்தில் அத்துறையின் மருத்துவர்கள் காண்பித்தார்கள். பன்றி இறைச்சி உண்ணாதவருக்கும் இது வரும். ஏனெனில் புழு உள்ளவரின் மலத்திலிருக்கும் முட்டை, தண்ணீர் வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் நம் வயிற்றுக்குள் போகிறது. தோட்டத்திலிருந்து பிடுங்கிய கேரட்டை அப்படியே கடித்துத் தின்னும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

நான்காவது: வீட்டில் வேறு யாருக்காவது தலைவலி உண்டா? பனிவிழும் மார்கழி, தை மாதங்களில் கரியடுப்பை உள்ளே வைத்து, கதவையும் ஜன்னலையும் அடைத்துத் தூங்குகிறார்கள். கரியிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்து, வெளியே போனதும் குறைந்தால் அதுவே அடையாளம். உடனே கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவந்து மருத்துவமனைக்கு வாருங்கள். மலையூர்களில் இவ்விதம் தூக்கத்திலேயே மரித்தவர்கள் உண்டு.

ஐந்தாவது: மாதத்தில் எத்தனை நாட்கள் மாத்திரை போடுகிறீர்கள்? இக்கேள்விக்குப் பலர் சிரிக்கிறார்கள். ஆனால் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ, பல மருந்துகள் கலந்த மாத்திரையை 10 நாட்களோ, மூன்று மாதங்களுக்கு மேலாகப் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். பெட்டிக்கடையில் ஒன்றிரண்டாக வாங்கி விழுங்கும் தோட்டத்துச் சகோதரிகள் பலர் இந்த வலையில் சிக்கியிருக்கிறார்கள். நிறுத்தினால் சில நாட்கள் வலி கூடும்; பிறகு குறையும். ஆகையால் மருத்துவரின் உதவியோடு நிறுத்தவேண்டும். தேநீரும் இப்படியே. நாளுக்கு ஆறு டம்ளர் குடிக்கிறவர் லெந்து காலத்தில் உபவாசம் இருந்தால் தலை வலிப்பது சோதனைக்காரனுடைய செயல் அல்ல, தேநீர் கிடைக்காத குறை. அது ஒரு வாரத்திற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும்.

இரத்த அழுத்தத்தைப்பற்றி ஒரு வார்த்தை. "தலைவலி இல்லை, ஆகவே எனக்கு பிரஷர் இல்லை" என்று நினைப்பது தவறு. இரத்த அழுத்தம் பெரும்பாலும் தலைவலி தராமலே ஏறும். அளந்து பார்த்தால்தான் தெரியும். 180/120-க்கு மேல் போய், தலைவலியும் மனக்குழப்பமும் பார்வை மங்கலும் இருந்தால் அது அவசரம்.

ஆபத்தான அடையாளம் ஒன்றைக் கண்டால் 108-ஐ அழையுங்கள். உதகையில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது நமக்கு ஒரு பெரிய ஆசீர்வாதம். ஆனாலும் தூரத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு தினக்கூலித் தொழிலாளி வரவேண்டுமானால் வாடகை வண்டியும், இழக்கும் கூலியும், துணைக்கு வருகிறவரின் சாப்பாடும் அவர் கண்முன் மலையாக நிற்கின்றன. "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவது அலட்சியத்தினால் மாத்திரம் அல்ல. நீங்கள் அனுப்பும் காணிக்கை அந்த வண்டிக்கூலியாகவும், ஸ்கேன் கட்டணத்தில் ஒரு பங்காகவும் மாறி, அந்த "நாளைக்கு" என்பதை "இன்றைக்கு" ஆக்குகிறது.

2 இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில், அறுப்பு வயலில் தலைநோவென்று சொன்ன சூனேம் ஊர்ப் பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். தகப்பன் அவனைத் தாயிடம் தூக்கிக்கொண்டுபோகச் சொன்னான். மத்தியானத்தில் பிள்ளை மரித்தான். அந்தத் தாயோ தாமதியாமல் கழுதையின்மேல் ஏறி எலிசாவைத் தேடிப் புறப்பட்டாள். முன்னே ஓடிய கேயாசி தடியைப் பிள்ளையின் முகத்தின்மேல் வைத்துவிட்டுத் திரும்பினான், ஒன்றும் நடக்கவில்லை. அன்று நானும் ஒரு கேயாசியாகவே இருந்தேன். எலிசாவோ தானே வந்து, கதவைப் பூட்டி ஜெபித்து, பிள்ளையின்மேல் படுத்துத் தன் உடலின் அனலைக் கொடுத்தான். ஜெபமும் செய்தான், செய்யவேண்டியதையும் செய்தான்.

அந்தப் பெரியவர் இப்போதும் ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வருகிறார். என்னைக் கண்டால், "ஐயா, இன்னும் விழல" என்று சொல்லிச் சிரிப்பார். தலைவலி என்று உங்களிடம் யாராவது சொன்னால், தயவுசெய்து ஜெபியுங்கள். ஜெபித்தபின் அவருடைய கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஜெபத்தை நாடும்
மருத்துவமனை ஆயர்