கனத்த காலின் பராமரிப்பு

காவிரிப் படுகையில், விசேஷமாகக் கும்பகோணத்தைச் சூழ்ந்த ஊர்களில், வயது முதிர்ந்த எவருக்கும் யானைக்கால் வியாதி இன்னதென்று வர்ணித்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. தெருவுக்கு ஒருவராவது அந்த வீக்கத்தோடு நடமாடிய காலத்தை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். ஆயினும் அவ்வாறு நடமாடியவர் விடியல் தொடங்கி இரவு வரையில் என்ன அவஸ்தைப்பட்டார் என்பது பக்கத்து வீட்டாருக்கும் தெரிந்திராது. ஆரம்ப நிலையில், படுத்து எழுந்ததும் ஓரளவு வற்றியிருக்கும் கால், அடுப்படியிலும் கடையிலும் வயலிலும் நிற்க நிற்க நீர் கோத்து, பொழுது சாய்வதற்குள் தோல் விம்மிக் கனத்துவிடுகிறது. வியாதி முற்றியபின் அந்தக் காலைநேரத்து வற்றலும் இல்லாமற்போய், கணுக்கால் மடங்க மறுக்க, திண்ணைப் படி ஒன்றை ஏறுவதே பெரும் பிரயத்தனமாகிறது.

இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து தசைகளின் இடையே நிற்கும் நீரில் நாளொன்றுக்கு 2, 3 லிட்டர் அளவை மீண்டும் இரத்தத்தில் கொண்டு சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். வயலுக்கு வடிகால் எப்படியோ, சரீரத்துக்கு இவை அப்படி. கொசுக்கடியின் வழியே உட்புகுந்த ஃபைலேரியாப் புழுக்கள் இக்குழாய்களிலேயே குடியிருந்து முதிர்கின்றன. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் வளரும். 6 முதல் 8 ஆண்டுகள் உயிரோடிருந்து, கணக்கற்ற நுண்புழுக்களை ஈன்று இரத்தத்தில் விடும். அதற்குள் குழாய் விரிந்து, உள்ளிருக்கும் தடுக்கிதழ்கள் மூடும் திறனை இழக்க, மேலேற வேண்டிய நீர் காலிலேயே தங்கிவிடுகிறது.

இந்த விஷயங்கள் வெளியானதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. மனித இரத்தத்தில் நுண்புழுக்களை டிமதி லூயிஸ் கண்டது 1872இல், கல்கத்தாவில். 1877இல் சீனாவின் அமோய்த் துறைமுகத்தில் வைத்தியராயிருந்த பாட்ரிக் மான்சன், அப்புழுக்கள் கொசுவின் உடலினுள் வளர்வதைக் கண்டார். ரொனால்ட் ராஸ் மலேரியாக் கொசுவைக் கண்டறிந்ததற்கு 20 ஆண்டுகள் முந்திய செய்தி இது. நுண்புழுக்கள் இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரையில்தான் மேற்பரப்பு இரத்தத்தில் மிகுதியாக உலவும். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கடிக்க வருவதும் அதே வேளையில்தான். சுகாதாரப் பணியாளர்கள் அகாலத்தில் கதவைத் தட்டி விரல்நுனியில் இரத்தம் எடுத்ததன் காரணம் இதுவே.

இவ்வளவும் புழுவின் கதை. காலின் கதையில் புழுவைவிடப் பிரதானமான ஒரு சத்துரு உண்டென்பதும், அது கண்ணுக்குத் தெரியாமல் கால்விரல் இடுக்கில் நுழைகிறது என்பதும் நம்மவர்களில் வெகு சிலருக்கே தெரிந்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. நிணநீர் தேங்கிய கால், உட்புகும் பாக்டீரியாவை வெளியேற்றும் வலுவற்றது. நாற்று நடும் பெண்களுக்கு வரும் சேற்றுப்புண்ணோ, ஒரு முள் கீறலோ போதும். குளிர் நடுக்கத்தோடு சுரம் கண்டு, தொடையிடுக்கில் நெறி கட்டி, கால் முழுவதும் சிவந்து எரிந்து, நாலைந்து நாள் படுக்கையில் தள்ளிவிடும். சுரம் தணிந்த பிறகு வீக்கம் முன்னிருந்த அளவுக்கு இறங்குவதில்லை. ஒவ்வொரு தடவையும் தோல் தடித்து, மடிப்பு விழுந்து, மடிப்புக்குள் ஈரம் தங்கி, அடுத்த சுரத்துக்கு வழி திறந்துவைக்கிறது. பிரேஸில் தேசத்து ரெசிஃபே நகரத்தில் ஜெரூசா ட்ரேயர் என்ற பெண் வைத்தியர், நோயாளிகளைச் சங்கமாகக் கூட்டி, இந்தச் சுரத்தைத் தடுத்துவிட்டால் காலின் வளர்ச்சியையும் தடுக்கலாம் என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டினார். அதற்கு அவர் கற்பித்த உபாயம், தினந்தோறும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுவது.

இதைக் கேட்டதும் அற்ப விஷயம் என்று தோன்றும். கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் ஓர் அம்மாள் அதைச் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோது, அது எத்தனை நுட்பமான காரியம் என்பதை உணர்ந்தேன். தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, பாதத்தைப் பேசினில் வைத்து, சூடாக்காத சாதாரணத் தண்ணீரைக் குவளையால் முழங்காலிலிருந்து கீழ்நோக்கி விட்டுக்கொண்டார். வாசனையில்லாத சோப்பை உள்ளங்கையில் குழைத்து, தேய்க்காமல் தடவி, ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்து உள்ளே கழுவினார். வழியும் தண்ணீர் தெளிவாகும்வரை இது நடந்தது. பிறகு மெல்லிய துணிநாடா ஒன்றைக் கால்விரல்களின் நடுவே நுழைத்து ஈரத்தை ஒற்றியெடுத்தார். குதிகாலின் பின்புறம் அவருக்கு எட்டாது. அங்கே மருமகள் குனிந்திருந்தாள். "சுண்டுவிரல் இடுக்கைப் பாரம்மா, ஈரம் நிக்குது" என்றார். "அங்கே தோல் வெளுத்திருக்கு அத்தை, களிம்பு போட்டுடறேன்" என்றாள் அவள். சுரம் வருவதற்குப் பல நாள் முன்பே அதன் வாசலைக் கண்டு அடைத்துவிட்ட அந்தப் பெண்ணின் சிரத்தையை நான் எந்த வைத்தியருடைய திறமைக்கும் குறைத்து மதிக்கமாட்டேன்.

கழுவியபின், கணுக்காலை மேலும் கீழும் பலமுறை அசைப்பதும், உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பதும், கட்டிலின் கால்மாட்டில் செங்கல் கொடுத்துப் படுப்பதும் தேங்கிய நீரை இறக்கும். அகலமான, காற்றுப் புகும் செருப்பு அவசியம். வீங்கிய காலின் அளவுக்குச் செருப்பு கடையில் கிடைக்காதாகையால் வெறுங்காலோடு நடந்து காயம்பட்டவர்கள் அநேகர். சுரம் கண்ட நாட்களில் அசைவு வேண்டாம். ஈரத்துணியால் காலைக் குளிர்வித்து, சுரத்துக்கு மாத்திரை போட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பெறவேண்டும். சூடான ஒத்தடம், பச்சிலைப் பற்று, எண்ணெய் போட்டு உருவுதல், கீறி நீர் எடுத்தல் ஆகியவை நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும் காலுக்குப் பெருங்கேடு விளைவிப்பவை.

கனத்தைவிடக் கொடியது அதை மறைக்க நேரும் உபத்திரவம். புடவையைத் தரை புரளக் கட்டி, கல்யாண வீட்டில் பின்வரிசைத் தூணோரம் உட்கார்ந்து, யாரும் பார்க்குமுன் எழுந்துபோகும் பெண்கள் இருக்கிறார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் இன்னும் போகவில்லை. கொசுவின் மூலமன்றி இது பரவுவதில்லை, வீங்கிய காலைத் தொட்டுக் கழுவுகிறவருக்கு ஒரு தீங்கும் நேராது.

நாடு தழுவிய முறையில் 2004 முதல் ஆண்டுக்கொரு முறை டி.இ.சி. மாத்திரை வழங்கப்பட்டு வந்தது. பரவல் தணிந்த மாவட்டங்களில் அதை நிறுத்திவிட்டார்கள், பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களில் தொடர்கிறது. அம்மாத்திரை இரத்தத்திலுள்ள நுண்புழுக்களைக் கொன்று, வியாதி மற்றவருக்குப் பரவாமல் தடுக்குமேயன்றி, முற்றிய வீக்கத்தைக் கரைக்காது. ஆகவே மாத்திரை நின்ற ஊர்களிலும், பல ஆண்டுகளுக்கு முன்பு தொற்றிய கால்கள் இருந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றை உடையவர்களுக்குப் பேசின், குவளை, சோப்பு, துண்டு, களிம்பு ஆகியவற்றைக் கொடுத்துக் கழுவும் முறையைக் கற்பிப்பது அரசாங்கத்தின் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் அடங்கிய பணி. முற்றிய நிலையில் உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதாந்தர உதவித்தொகையும் அளிக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் இரண்டுக்கும் வழி சொல்வார்கள்.