கௌப்பி மூடையைத் திறக்கும் நாள்

அறுவடைக்குப் பின்னான இழப்பு பற்றிப் படிக்கும்போது, சிறு விவசாயிகள் ஏன் திருந்திய களஞ்சியப்படுத்தல் முறைகளைப் பின்பற்றுவதில்லை என்ற வினாவுக்கு நாம் எல்லோரும் எழுதும் விடை ஒன்றுண்டு: விழிப்புணர்வின்மை. அதற்குப் புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் வயலை நம்பி வாழும் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த ஒரு சொல் போதவில்லை. உரத்துக்கும் கூலிக்கும் ஒவ்வொரு ரூபாயாகக் கணக்குப் பார்க்கிறவர்களுக்குத் தமது தானியம் வீணாவது தெரியாமலா இருக்கும்? மேற்கு ஆபிரிக்காவில் கௌப்பிக்கு நடந்ததை வாசித்தபோது, இதற்கு இன்னும் நல்ல விடை இருப்பதைக் கண்டேன்.

நாம் அவித்து, தேங்காய்ப்பூவும் சம்பலும் சேர்த்துச் சாப்பிடுகிறோமே, அதே கௌப்பிதான். சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே, மழை குறைந்த மணற்பூமியிலும் அது விளையும். நைஜர், நைஜீரியா போன்ற நாடுகளில், அடிக்கடி இறைச்சி வாங்க முடியாத வீடுகளுக்குப் புரதம் கொடுப்பது அதுவே. அதற்கு எதிரி ஒரு சிறிய வண்டு. எமது குசினியிலும் கௌப்பி டின்னைத் திறந்தால் வட்டத் துளை விழுந்த பயறுகளுக்கிடையே இந்த இனத்து வண்டு ஊர்வதைப் பார்க்கலாம். அது வயலிலேயே பயறோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடுகிறது. பெண் வண்டு விதையின் தோலில் முட்டையை ஒட்டிவைக்கும். குடம்பி உள்ளே துளைத்துச் சென்று தின்று வளர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வந்து மறுபடி முட்டையிடும். நான்கைந்து மாதம் போனால் மூடையில் மிஞ்சுவது துளையும் தூளும்தான்.

ஆகவே அங்குள்ள விவசாயி அறுவடை முடிந்த கையோடு விற்றுவிடுவார். எல்லோரும் விற்கும் நேரம் அது. விலை அடிமட்டத்தில் இருக்கும். அடுத்த அறுவடைக்கு முந்திய பஞ்ச மாதங்களில் விலை ஏறும்போது, விற்றவரே பணம் கொடுத்து வாங்கவேண்டி வரும். இழப்பு என்றதும் நாம் வண்டு தின்ற கிலோக்களை மட்டும் எண்ணுகிறோம். வண்டுக்குப் பயந்து குறைந்த விலைக்கு விற்ற நட்டம் எந்த அட்டவணையிலும் வருவதில்லை. அவர்களுக்குப் பிரச்சினை தெரியாமல் இல்லை. சாம்பலில் கலந்து வைத்தார்கள், மணலில் கலந்தார்கள், பூச்சிநாசினியும் போட்டார்கள். உண்ணும் பயறில் பூச்சிநாசினி போடுவதன் ஆபத்தை நான் சொல்லத் தேவையில்லை.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர் லாரி மர்டொக், கமரூன் நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு எளிய வழியைக் கண்டார். இரண்டு தடித்த பொலித்தீன் பைகள். அவற்றுக்கு வெளியே சாதாரண உரப்பை போன்ற ஒன்று. நன்கு காய்ந்த பயறை நிரப்பி, காற்றை வெளியேற்றி, ஒவ்வொரு பையையும் தனித்தனியே இறுக்கிக் கட்டவேண்டும். உள்ளே இருக்கும் வண்டுகளே சுவாசித்து ஒட்சிசனைத் தீர்த்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான். இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. தனக்குத் தேவையான நீரின் பெரும்பகுதியை உணவை ஒட்சிசனோடு சேர்த்துச் சுவாசித்தே பெறுகிறது. ஒட்சிசன் குறைந்ததும் தின்பதை நிறுத்துகிறது. உடல் நீர் வற்றிச் சாகிறது. ஒரு துளி மருந்தும் வேண்டியதில்லை. உள்ளேயிருந்து வெளிவரும் வண்டு முதற்பையைத் துளைத்தாலும் இரண்டாவது காக்கும்.

ஆனால் வழி கண்டுபிடிக்கப்பட்டதும் ஊர் ஊராக அது பரவிவிடவில்லை. 2007ஆம் ஆண்டில் கேட்ஸ் மன்றத்தின் நிதியோடு பெரிய திட்டம் தொடங்கி, 30,000இற்கும் மேற்பட்ட கிராமங்களில் செய்து காட்டினார்கள். கிராமத்தவர் சிலரின் சொந்தப் பயறை எல்லோர் முன்னிலையிலும் பையிலிட்டுக் கட்டினார்கள். சில மாதங்கள் அது அங்கேயே இருந்தது. பிறகு ஒருநாள் ஊரைக் கூட்டி மூடையைத் திறந்தார்கள். பயறு எப்படிப் போனதோ அப்படியே வெளியே வந்தது. பயறு அயலவருடையது, இருந்ததும் அந்த ஊரில்தான். கையில் அள்ளிப் பார்த்தவருக்குத் துண்டுப்பிரசுரம் எதற்கு? இதை வாசிக்கையில் எனக்கு யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது. தானியத்தைக் கதிரோடு விட்டுவைக்கும் ஆலோசனையை அவர்களிடமிருந்து அரசனுக்குக் கொண்டுசென்றவர், முன்பு சிறையில் தமது கனவுக்கு அவர்கள் சொன்ன விளக்கம் பலித்ததைக் கண்டவர்தான்.

நம்பிக்கை வந்த பிறகும் பை கடையில் இருக்கவேண்டுமே. கடைக்காரரின் பக்கமும் நியாயம் உண்டு. அறுவடைக் காலத்தில் மட்டும் விலைபோகும் பொருளில் அவர் ஏன் முதலைப் போடவேண்டும்? பை தேவைப்பட்ட நேரத்தில் கிடைக்காததாலேயே பலர் பழைய முறையில் நின்றார்கள். இந்தப் பை சாதாரண சாக்கைவிட விலையும் கூடியது. ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த வருடமும் பாவிக்கலாம் என்பதைக் கண்டவர்களுக்குத்தான் அந்த விலை கட்டுபடியானது.

எந்தப் பையாலும் தீர்க்க முடியாதது கடன். எங்கள் பக்கத்தில் பெரும்போகம் முடிந்ததும் உரக்கடைக்காரருக்கும் வெட்டு மெசினுக்கும் பணம் கொடுக்கவேண்டும். நெல் கெடாமல் இருக்கும் என்று அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். நைஜரில் இதற்கும் ஒரு வழி பார்த்திருக்கிறார்கள். வாரண்டாஜ் என்ற முறையில் விவசாயிகள் விளைச்சலைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்து, அதையே ஈடாகக் காட்டிக் கடன் பெறுகிறார்கள். கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு விவசாயிகள் சங்கத்திடமும் மற்றது கடன் கொடுத்தவரிடமும் இருக்கும். விலை ஏறியதும் விற்றுக் கடனை அடைப்பார்கள். பையோடு இதுவும் சேரும்போதுதான் ஏழை விவசாயியால் காத்திருக்க முடியும். ஆகவே அந்த வினாவுக்கு நான் இப்போது கண்ணால் காணாமை, கடையில் கிடையாமை, கடன் என்று மூன்று சொற்கள் எழுதுவேன். புள்ளி கிடைக்குமோ தெரியாது.

இதையெல்லாம் நான் எழுதினேன் என்பதற்காக நீங்கள் நம்பவேண்டியதில்லை. நன்கு காய்ந்த கௌப்பியை, மூடி இறுக்கமான ஒரு சோடாப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். பாதி போத்தல் போதாது. மீதிக் காற்று வண்டுக்கு உதவிவிடும். இன்னும் கொஞ்சத்தை வழமையான டின்னில் போடுங்கள். மூன்று மாதம் இரண்டையும் தொடாமல் வைத்து, பிறகு வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுத் திறந்து பாருங்கள்.