கண்ணுக்குத் தெரியாத கலங்கல்

கடல்நீர் குளிக்கத் தகுந்ததா என்பதைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கடல் செம்மண் நிறத்தில் கலங்கியிருக்கும். பங்குனி பிறந்தால் அதே கடல் நீலமாகத் தெளிந்துவிடும். கலங்கலில் கண்ணுக்குத் தெரிவது மண். மண்ணால் யாருக்கும் வயிற்றுப்போக்கு வருவதில்லை. நோயைக் கொண்டுவருவது மனித மலத்தோடு நீரில் சேரும் நுண்ணுயிர்கள். ஒரு குவளை நீரில் அவை ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நிறம் மாறாது, வாடையும் எழாது. அதனால்தான் குளிக்கும் கடற்கரைகளின் தூய்மை உலகெங்கும் ஆய்வுக்கூடத்து எண்களால் அளக்கப்படுகிறது.

அசுத்தமான நீரில் குளிப்பவர்களுக்கு அதிகம் வருவது வாந்தியும் வயிற்றுப்போக்கும். அடுத்தபடியாகக் காதில் சீழ், கண் சிவப்பு, தோலில் தடிப்பு, தொண்டைக் கரகரப்பு. குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். அவர்கள் நீரில் கிடக்கும் நேரம் அதிகம். தெரியாமல் விழுங்கும் நீரும் பெரியவர்கள் விழுங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடுவதால் யாரும் மருத்துவரிடம் கடலைப் பற்றிச் சொல்வதில்லை. வழியில் சாப்பிட்ட ஓட்டல் சாம்பார்மேல் பழி போய்விடுகிறது. கடற்கரை நோய்கள் கணக்கில் ஏறாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

நோய்க்கிருமிகளை ஒவ்வொன்றாகத் தேடுவது நடக்காத காரியம். வகைகள் ஏராளம், ஒவ்வொன்றும் ஒருநாள் இருக்கும், மறுநாள் இராது. எனவே மனிதக் குடலில் எப்போதும் வாழும், பெரும்பாலும் தீங்கு செய்யாத பாக்டீரியாக்களை எண்ணுகிறார்கள். மலக் கோலிஃபார்ம், ஈ. கோலை, என்டரோகாக்கஸ் ஆகியவை அந்த வகை. இவை இருந்தால் நீரில் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலம் கலந்தால் கிருமியும் வந்திருக்கக்கூடும். கடலுக்கு மூன்றாவதே நம்பகமானது. உப்புநீரிலும் வெயிலிலும் ஈ. கோலை விரைவில் மடிந்துவிடும், என்டரோகாக்கஸ் சற்றுத் தாக்குப்பிடிக்கும். 1970-களில் நியூயார்க் உள்ளிட்ட அமெரிக்கக் கடற்கரைகளில் குளித்தவர்களைத் தொடர்ந்து விசாரித்த ஆய்வுகள், நோயுற்றவர் எண்ணிக்கை என்டரோகாக்கஸ் எண்ணிக்கையோடு சேர்ந்தே ஏறுவதைக் காட்டின. உலக சுகாதார நிறுவனம் 2003-லும் 2021-லும் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதையே கடலுக்கான அளவுகோலாகக் கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதிப்படி, 'மிகச் சிறந்த' கடற்கரையில் 100 மில்லிலிட்டர் நீருக்கு என்டரோகாக்கஸ் 100-க்கும் ஈ. கோலை 250-க்கும் மேல் போகக் கூடாது.

இந்தியாவில் கடல்நீர் பயன்பாட்டுக்கேற்ப ஐந்து வகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. குளிப்பதற்கான இரண்டாம் வகையில் மலக் கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 100-ஐத் தாண்டக் கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. ஆறு, ஏரிகளில் குளிப்பதற்கு மத்திய அரசு 2000-இல் வகுத்த அளவு வேறு. அங்கே மலக் கோலிஃபார்ம் 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2,500 உச்சவரம்பு. ஆற்றில் குளிப்பவர் வயிறு கடலில் குளிப்பவர் வயிற்றைவிட ஐந்து மடங்கு உறுதியானது என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. நம் ஆறுகள் இருக்கும் நிலையில் எட்டக்கூடிய எண்ணை எழுதிவைத்தார்கள் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். கடலூர் மாவட்டத்தின் உட்பகுதியில் பெண்ணாடம், விருத்தாசலம் பக்கத்து மக்களுக்குக் கடல் என்றால் கடலூர்தான். விருத்தாசலத்தில் ரயில் மாறி நெய்வேலி வழியாகப் போனால் கடலூர். அங்கிருந்து சில்வர் பீச் என்று பெயர் வாங்கிய தேவனாம்பட்டினம் பக்கம். இந்தக் கடற்கரையின் நீர் எப்படிப்பட்டது என்பதை அதன் இருபுறமும் உள்ள ஆற்றுவாய்கள் தீர்மானிக்கின்றன. வடக்கே தாழங்குடாவில் தென்பெண்ணை கடலில் சேர்கிறது. தெற்கே கெடிலமும் உப்பனாறும். தமிழகக் கரையோர நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வடக்கு நோக்கிப் போகும். அப்போது தெற்கே உள்ள ஆற்றுவாய்களின் நீர் குளிப்பவர்களிடம் வந்து சேரும். வடகிழக்குப் பருவமழையில் ஓட்டம் தெற்கு நோக்கித் திரும்பும். அப்போது பெண்ணையாற்று வெள்ளம் வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்த ஆற்றின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்டது. வழியில் உள்ள ஊர்களின் தெருவையும் சாக்கடையையும் கழுவிக்கொண்டு அந்த நீர் கடலுக்குப் போனது.

பெண்ணாடத்தின் ஆறு வெள்ளாறு. அது கடலூருக்கு வருவதில்லை. கூடலையாத்தூரில் மணிமுக்தாற்றைச் சேர்த்துக்கொண்டு, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி, பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. பெண்ணாடத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இந்தத் தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது. குடல் பாக்டீரியாவுக்கு வெயில் எமன். தெளிந்த கடல்நீரில் உச்சிவெயிலில் பத்தில் ஒன்பது பங்கு சில மணி நேரத்தில் மடிந்துவிடும். ஆற்றில் ஓரிரு நாள் ஆகலாம். கலங்கலான நீரில் வெயில் உள்ளே போகாததால் இன்னும் தாமதமாகும். மாசி, பங்குனியில் வெள்ளாறு ஆங்காங்கே மடுவாகத் தேங்கி நிற்கும்போது பெண்ணாடத்துச் சாக்கடை பெண்ணாடத்தைத் தாண்டிப் பெரிதாகப் போவதில்லை. உள்ளூர் மடுவில் குளிப்பவரையே அது தீண்டும். வெள்ளம் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால் ஒரே நாளில் 86 கிலோமீட்டர் போய்விடும். கிருமி சாவதற்குள் கடல் வந்துவிடுகிறது. கோடை முழுக்க ஆற்றுமணலிலும் ஓடைகளிலும் சேர்ந்த அசுத்தம் அத்தனையையும் முதல் வெள்ளம் தூக்கிக்கொண்டு வருகிறது. மழைக்குப் பிந்தைய நாட்களில் ஆற்றுவாய் அருகே குளிக்கக் கூடாது என்று கடலோர நாடுகள் பலவற்றில் எச்சரிப்பது இதனால்தான். கலிஃபோர்னியாவில் மூன்று நாள் என்கிறார்கள்.

மாசி மகத்தின் கதை வேறு. அன்று கடலூர் மாவட்டத்தில் குளிக்கும் கூட்டத்துக்கு ஈடான கூட்டம் வேறு நாளில் இல்லை. தேவனாம்பட்டினத்துக்குச் சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவமூர்த்திகள் தீர்த்தவாரிக்கு வருகின்றன. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குப் போகிறார். விருத்தாசலத்தில் மணிமுக்தாற்றங்கரையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்து நீராடுகிறார்கள். மழை நின்று வாரக்கணக்கில் ஆகியிருக்கும். ஆற்றின் மேற்பகுதியிலிருந்து அசுத்தம் வர ஆற்றில் ஓட்டம் இருக்காது. கூட்டம்தான் அன்றைய அசுத்தம். ஒருவர் நீரில் இறங்கிய கால் மணி நேரத்தில் அவர் உடலிலிருந்தே லட்சக்கணக்கான என்டரோகாக்கஸ் நீரில் கலக்கும். திறந்த கடலில் அலை அதைப் பரத்திவிடும். ஓட்டம் குறைந்த ஆற்றில் பரத்துவதற்கு நீரே இல்லை. போதாததற்கு நகரச் சாக்கடையும் அதே ஆற்றில் விழுவதாக விருத்தாசலத்தில் பல ஆண்டுகளாகப் புகார். 2025 மகா கும்பமேளாவின்போது பிரயாக்ராஜில் எடுத்த நீர் மாதிரிகள் மலக் கோலிஃபார்ம் அளவில் குளியல் தரத்தை எட்டவில்லை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அறிக்கை கொடுத்தது. மாநில அரசு அதை மறுத்தது. கங்கையிலேயே இந்த வழக்கு என்றால், மாசி மாத மணிமுக்தாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

திருவிழா நாளுக்குத் தேவை கழிப்பிடம். நீர் விளிம்பிலிருந்து தள்ளி, தொட்டி வைத்த கழிப்பிடம். தொட்டி நிரம்பினால் லாரி வந்து எடுத்துப்போக வேண்டும். மணலில் குழி தோண்டித் தட்டி கட்டிவிட்டால் அடுத்த பெரிய அலையிலோ மழையிலோ அது கடலுக்குள் போய்விடும். ஈரமணலும் கிருமியைத் தேக்கிவைக்கும். பல கடற்கரைகளில் நீரைவிட நீர் விளிம்பு மணலில்தான் எண்ணிக்கை கூடுதல். நாய், மாடு, காக்கை எச்சங்களும் அங்கே சேரும். குழந்தைகள் விளையாடுவதும் அங்கேதான்.

மற்ற நாட்களில் பிரச்சினை வீட்டுக் கழிவறையில் தொடங்குகிறது. பேரூராட்சிகள் பெரும்பாலானவற்றில் பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான். முறைப்படி கட்டிய தொட்டியிலிருந்து வழியும் நீர் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். இடமில்லாத தெருக்களில் அந்தக் குழாயைத் தெருச் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள். சாக்கடை ஓடைக்கும் ஓடை ஆற்றுக்கும் போகிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அள்ள வேண்டிய கசடு, தொட்டி பொங்கிய பிறகே அள்ளப்படுகிறது. அள்ளிய லாரி எங்கே கொட்டுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. தமிழக அரசு 2014-இல் கசடு மேலாண்மைக்கு நெறிமுறை வகுத்தது. கசடுக்கென்றே தனியாக அமைந்த மாநிலத்தின் முதல் சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் செங்கல்பட்டு அருகே கருங்குழியில் வந்தது. கடற்கரையில் குப்பைத் தொட்டி வைப்பதைவிட இப்படி ஒரு நிலையம் கடல்நீருக்குச் செய்யும் நன்மை பெரிது. ஆனால் புகைப்படத்தில் அழகாக விழுவது குப்பைத் தொட்டிதான்.

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கடற்கரை இதற்கு நல்ல சான்று. அங்கே தேசியச் சுற்றுச்சூழல் முகமை கடற்கரைகளை என்டரோகாக்கஸ் எண்ணிக்கையால் தரம் பிரிக்கிறது. நூறு மாதிரிகளில் 95 மாதிரி 100 மில்லிலிட்டருக்கு 200-க்குள் இருக்க வேண்டும். 2008-இல் பாசிர் ரிஸ் தேறாததால் நீச்சல் வேண்டாம் என்று அறிவித்துவிட்டுக் காரணத்தைத் தேடினார்கள். தொழிற்சாலை எதுவும் குற்றவாளியாக அகப்படவில்லை. பழைய சாக்கடைக் குழாய்களின் சிறு கசிவுகள், சிறு சுத்திகரிப்பு நிலையங்கள், கரையோரம் நின்ற படகுகள் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்த பிறகே எண் இறங்கியது, தடையும் நீங்கியது. பாரிஸில் 1923-இல் தடை செய்யப்பட்ட சேன் நதிக் குளியல் 2025 ஜூலையில் பொதுமக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்கு 140 கோடி யூரோ செலவாகியது. மழைநீரோடு கலந்த சாக்கடையைத் தேக்க ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையம் அருகே பூமிக்கடியில் பெருந்தொட்டி கட்டினார்கள். அப்படியும் கனமழைக்கு மறுநாள் அங்கே குளியல் மூடப்படுகிறது.

சோதனையிலும் ஒரு முடிச்சு உண்டு. ஆட்கள் குளிக்கும் இடத்தில், மேற்பரப்புக்கு 30 சென்டிமீட்டர் கீழே, கிருமி நீக்கிய புட்டியில் நீரைப் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் சேர்க்க வேண்டும். மலக் கோலிஃபார்மை 44.5 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வளர்த்து எண்ணுகிறார்கள். முன்சோதனையையும் சேர்த்தால் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். முடிவு வரும்போது அந்த நீர் கடலில் எங்கோ போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை குளித்தவருக்குச் செவ்வாய்க்கிழமை எச்சரிக்கை. ஸ்காட்லாந்தில் மழையளவையும் ஆற்று ஓட்டத்தையும் வைத்து அன்றைய நீர்த்தரத்தைக் கணித்து, கரையில் மின்பலகையில் காட்டுகிறார்கள். சிகாகோவின் ஏரிக்கரைகளில் மரபணுச் சோதனையால் சில மணி நேரத்தில் முடிவு கிடைக்கிறது. கடலூருக்கு அவ்வளவு செலவு வேண்டியதில்லை. முதல்நாள் எவ்வளவு மழை பெய்தது, ஆற்றுவாய் திறந்திருக்கிறதா, ஓட்டம் எந்தத் திசை என்ற மூன்றும் தெரிந்தாலே ஒரு சிவப்புக்கொடி ஏற்றப் போதும்.

கொடி என்றால் இப்போது பேச்செல்லாம் நீலக்கொடி பற்றித்தான். பிரான்ஸில் 1985-இல் தோன்றிய இச்சான்றிதழை டென்மார்க்கைத் தலைமையகமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை வழங்குகிறது. இந்தியாவில் 2020-இல் எட்டுக் கடற்கரைகளுக்குக் கிடைத்தது. மறு ஆண்டு செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளமும் புதுச்சேரி ஈடன் கடற்கரையும் சேர்ந்தன. தமிழக அரசின் அடுத்த பட்டியலில் மெரினா, காமேசுவரம், அரியமான் ஆகியவற்றோடு கடலூர் சில்வர் பீச்சும் இடம்பெற்றது. முப்பதுக்கு மேற்பட்ட நிபந்தனைகளில் உயிர்காப்பாளர், கழிப்பறை, மாற்றுத்திறனாளிகளுக்கான பாதை எல்லாம் உண்டு; நீரின் அளவு ஐரோப்பிய அளவேதான். மாதம் ஒரு மாதிரியாவது எடுத்து, முடிவைக் கரையிலேயே பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மூங்கில் குடையும் உட்காரும் பலகையும் போடுவதற்கு நீலக்கொடி தேவையில்லை. அந்த முடிவுப் பலகைக்காகவே அதை வரவேற்கலாம். இருந்தாலும் மாதம் ஒரு மாதிரி என்பது மாசி மகத்தைத் தவறவிட்டுவிடக்கூடும். தீர்த்தவாரிக்கு முந்தைய வாரமும் மறுநாளும் தனியே எடுத்தால்தான் நம்முடைய கடற்கரையின் உண்மை நிலை தெரியும். உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயனத் தொழிற்சாலைகளும் உள்ளன. பாக்டீரியாச் சோதனை ரசாயனத்தைக் காட்டாது. அதற்கு வேறு சோதனை வேண்டும்.

குளிக்கப் போகிறவர் தாமாகச் செய்துகொள்ளக்கூடியவை சிலவே. கனமழைக்குப் பின் ஓரிரு நாள் விட்டுப் போகலாம். ஆற்றுவாய், வடிகால் விழும் இடம் இரண்டிலிருந்தும் விலகிக் குளிக்கலாம். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை நீரில் இறக்கக் கூடாது. அது மற்றவர்களுக்குச் செய்யும் உபகாரம். ஆறாத புண்ணோடு கடலில் இறங்குவது சர்க்கரை நோயாளிகளுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் ஆபத்து. வெதுவெதுப்பான கடல்நீரில் இயல்பாகவே வாழும் விப்ரியோ வகைப் பாக்டீரியாக்கள் புண் வழியே ரத்தத்தில் ஏறும். வெள்ளாற்று மடுக்களில் குளிப்பவர் கவனிக்க வேண்டியது எலிக்காய்ச்சல். எலி, மாடுகளின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியே அது உடலுக்குள் போகும். குளித்த நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்திலேயே தெரிந்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரையில் குணமாகும் நோய் அது.