வீட்டிலிருந்தே நடத்தையியல் முதுகலை

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ள கௌதள்ளி போன்ற ஊரில் வாழும் பட்டதாரிக்கு, வீட்டிலிருந்தே அயல்நாட்டு முதுகலைப் பட்டம் பெறலாம் என்பது பெருங்கவர்ச்சியாகும். பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வு என்னும் துறையும் இவ்வாறு இணையவழியே கற்பிக்கப்படுகிறது.

அத்துறை யாது? குழந்தையொன்று வீறிட்டு அழுகிறது. அழுகைக்கு முன் நிகழ்ந்தது என்ன, பின் கிடைத்தது என்ன என்று நாள்தோறும் குறித்து வருக. பாட நேரத்திலேயே அழுகை எழுவதும், அழுதவுடன் பாடம் நிற்பதும் புலப்படலாம். அடிப்பதால் பயனில்லை, ஓய்வு வேண்டுமெனக் கேட்கும் வழியைக் கற்பித்து, கேட்டவுடன் ஓய்வளிப்பதே முறை. ஆட்டிசம் உடைய குழந்தைகளிடம் இது மிகுதியும் கையாளப்படுகிறது. அவர்தம் இயல்பையே மாற்ற முயல்கிறது எனக் கண்டிப்பாரும் உளர். அக்கண்டனத்தையும் மாணவர் படித்தல் நன்று.

நேயர்களே, பணம் கட்டுமுன் ஒன்று நோக்குக. பட்டம் வேறு, தொழிற்சான்று வேறு. அமெரிக்காவில் 1998இல் தோன்றிய நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்புக் குழு, பட்டத்தோடு தேர்வும், மேற்பார்வையில் 2000 மணி நேரக் களப்பயிற்சியும் (செறிந்த வகையாயின் 1500) வேண்டுகிறது. ஆனால் 2023 ஜனவரி முதல் இந்தியாவில் வாழ்வோரின் புதிய விண்ணப்பங்களை அக்குழு ஏற்பதில்லை. விளம்பரங்கள் இதனை உரக்கச் சொல்வதில்லை!

நம் நாட்டிலோ, மருத்துவத் துணைத் தொழில்கள் பற்றிய 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் நடத்தைப் பகுப்பாய்வாளரும் இடம்பெற்றுள்ளனர். அச்சட்டத்துக்கு உட்பட்ட பாடங்களை இணையவழி நடத்தலாகாதெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் அறிவித்தது.

நேரிற் சென்று பயில இயலுவோர்க்கு மைசூர் உண்டு. அங்கு 1965இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் சிறப்புக் கல்வியிலும் பயிற்சி அளிக்கிறது.